தன் எண்ணை அறியாத பெட்டி

ஃபகருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. அது போதாதென்று, அடக்கியே ஆகவேண்டிய இடம் பார்த்துத்தான் அது வரும். நிக்காஹ் அன்று பெண் சார்பில் பேசும் வக்கீலும் இரண்டு சாட்சிகளும் அறைக்குள் வந்து சம்மதம் கேட்டபோது, முக்காட்டுக்குள்ளிருந்து களுக்கென்று ஒரு சத்தம் வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் இருமினார்களாம், அவ்வளவுதான் காரணம். மாப்பிள்ளை ஃபக்ருதீனோ, தன் பெயரையும் அவள் பெயரையும் சேர்த்துக் கேட்டுத்தான் பெண் சிரித்தாள் என்று நினைத்து ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவருக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது.

அவள் சிங்காரப்பேட்டையில் பிறந்தவள். அத்தா சந்தை சந்தையாகத் துணி விற்றவர். ஊத்தங்கரையில் டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் முடித்துவிட்டு, 1982இல் ஓசூரில் பாராமகால் காஸ்டிங்ஸ் என்ற தொழிற்சாலையில் டெலக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். பம்புகளுக்கு இரும்பு உடல் வார்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. கல்யாணம், ஃபக்ருதீனின் பூட்டு ஆணிக் கடை, இரண்டு பெண் பிள்ளைகள் என்று வாழ்க்கை எங்கெங்கோ கிளை விட்டாலும், பதினைந்து வருடமாக அதே அறை, அதே நாற்காலி. பக்கத்து மேசையில் டெலிபோன் போர்டு. அதில் ஜோதியம்மாள். போனை எடுத்தால் "யாரு வேணும், யாரு பேக்கு, எவரு காவாலி" என்று மூன்று பாஷையிலும் ஒரே மூச்சில் கேட்டு முடித்த பிறகுதான் எதிர்முனை வாய் திறக்க ஜோதியம்மாள் இடம் கொடுப்பாள்.

டெலக்ஸைப் பார்க்காதவர்கள் அதை டைப்ரைட்டருக்கும் டெலிபோனுக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே தட்டினால் ஸ்வீடனில் அச்சாகும். அதில் ஃபகருவுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எண்ணைச் சுழற்றியதும் எதிர்முனை இயந்திரம் தானாகவே தன் எண்ணை அடித்துக் காட்டும். அது வந்த பிறகுதான் செய்தியைத் தட்டவேண்டும். முடிந்ததும் இன்னொரு தரம் அது வரவேண்டும். அங்கே ஆள் இல்லாவிட்டாலும், கட்டடமே பூட்டிக் கிடந்தாலும், இயந்திரம் தன் எண்ணைச் சரியாகச் சொல்லும். இதிலிருந்து ஃபகரு தனக்கென்று ஒரு கொள்கையே வகுத்து வைத்திருந்தாள். பெயர் மனிதர்களுக்கு, எண் இயந்திரங்களுக்கு. கெலமங்கலம் சந்தையில் நின்று முனிவேல் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், எண்ணுக்கு அந்தக் குழப்பம் கிடையாது என்பாள்.

1997 ஜனவரியில் மெயில் வந்தது. பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்து மாடியில் ஒரு டிஷ்ஷை நட்டு, ஃபகருவின் அறை மூலையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து, சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். மேல் வரியில் கம்பெனியின் மெயில் பெயர், நீளமாக, இரண்டு புள்ளிகளோடு. கீழ் வரியில் ஓர் எண்: 203.0.113.25.

"இது ரெண்டுல எது மாறாது?" என்று ஃபகரு கேட்டாள்.

"பேரு மேடம் வேற ஆள்கிட்ட பதிவு பண்றது. நம்பர் நாங்க குடுக்கிறது. நம்பருக்கே நேரா மெயில் போடலாம், சதுர பிராக்கெட்டுக்குள்ள போட்டா போதும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் டீ குடிக்கப் போய்விட்டான். வேறு யாராவது கேட்டிருந்தால் அது ஒரு துணுக்குச் செய்தி. கேட்டவள் ஃபகரு.

அடுத்த சனிக்கிழமை டெலக்ஸ் இயந்திரத்தைத் தொலைபேசித் துறை ஆட்கள் திரும்ப எடுத்துக்கொள்ள இருந்தார்கள். அதற்கு முன்னால் கம்பெனியின் பதினோரு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கும் கடைசி டெலக்ஸ் அனுப்பும் வேலை அவளுடையது: திங்கள் முதல் எங்களுக்கு மெயிலில் எழுதவும், முகவரி இது. மானேஜர் ராஜப்பன் முகவரியை அவள் பொறுப்பில் விட்டுவிட்டார், சுவரில்தான் ஒட்டியிருக்கிறதே. ஃபகரு சுவரைப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள், எண்ணை எடுத்துக்கொண்டாள். டெலக்ஸ் விசைப்பலகையில் சதுர அடைப்பு கிடையாது என்பதால் "சதுர அடைப்பு திற" என்று ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகத் தட்டி, எண்ணைத் தட்டி, "சதுர அடைப்பு மூடு" என்றும் தட்டினாள். பதினோரு முறை. பதினோரு இயந்திரங்களும் கடைசியாக ஒருமுறை தங்கள் எண்ணைச் சொல்லிவிட்டு மௌனமாயின. அவளுக்குக் கொஞ்சம் கண் கலங்கியது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ராஜப்பன் அறைக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒரே குரலில் சொல்பவர்.

"ஏம்மா, ஹெட் ஆபீஸ்ல எல்லா மெயிலையும் சென்னையிலயே வாங்கிக்கிறோம், ஓசூர்ல எதுக்குத் தனி மெஷின்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நான் பதில் சொல்லணும். அதுக்குள்ள வெளிநாட்டு மெயில் ஒண்ணாவது இந்த மெஷினுக்கு வந்தா இது இங்கியே இருக்கும், நீயும் இருப்ப. வரலைன்னா மெஷினும் சென்னைக்கு, நீயும் சென்னைக்கு."

சென்னை என்றால் வேலையை விடுவது என்று பொருள். கடையைத் தூக்கிக்கொண்டு ஃபக்ருதீன் சென்னைக்கு வரமுடியாது. பெரியவள் வஜிஹா அந்த வருடம் பத்தாவது. ஃபகருவுக்கு அந்த அறை இல்லாத ஒரு காலை நேரத்தை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் அவள் கவலைப்படவில்லை. பதினோரு பேருக்கு எண் கொடுத்திருக்கிறோம், ஒரு மெயில் வராமலா போய்விடும் என்று இருந்தாள்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. பெட்டி ஒரு மூலையில் உட்கார்ந்து விசிறியைச் சுழற்றிக்கொண்டிருந்ததே தவிர ஒரு வரியும் வரவில்லை. புதன்கிழமை மதியம் ஃபேக்ஸில் ஸ்வீடன் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஃபகரு வாசித்தாள், முகம் மாறியது, தாளை ஜோதியம்மாளிடம் நீட்டினாள்.

"என்னா எழுதியிருக்கான்?" என்றாள் ஜோதியம்மாள்.

"நாலு தரம் மெயில் போட்டானாம். நாலும் திரும்பி வந்திருச்சாம். நம்ம மெஷின் அவனுக்கு என்னா பதில் சொல்லிச்சு தெரியுமா ஜோதிக்கா? 'இந்த நம்பருக்குப் போட்டேன், அது எனக்கே வந்துக்கினு இருக்குது'ன்னு சொல்லியிருக்குது. கீழ அவன் கேக்கறான், உங்க மெஷின் தன்னோட தானே பேசுது, உடம்பு நல்லாத்தானே இருக்குதுன்னு."

ஒரு நிமிடம் இருவரும் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்கள். அது ஒன்றும் அறியாத பிள்ளை போல் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான், ஃபகரு மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். தோள் குலுங்கியது. ஜோதியம்மாள் "யாரு வேணும், யாரு பேக்கு" வரைக்கும் சொல்லி, அதற்கு மேல் முடியாமல், வந்த போனை அப்படியே வைத்தாள். வேலை போகப்போகிறவள் சிரிக்கிற சிரிப்பா அது என்று கேட்டால், ஆமாம், அந்தச் சிரிப்புதான். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, துடைத்தது எந்தக் கண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏனென்றால் சிரிப்புக்கு நடுவிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எண்ணைக் கொடுத்தது அவள். பெயரைக் கொடுத்திருந்தால் திங்கட்கிழமையே மெயில் வந்திருக்கும்.

பதினோரு பேருக்கும் இப்போது பெயரை ஃபேக்ஸில் அனுப்பிவிடலாம்தான். அதையும் முயன்று பார்த்தாள். ஸ்வீடன்காரன் போனில் வருத்தத்தோடு சொன்னான்: முகவரி அவர்கள் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, மாற்ற ஒரு விண்ணப்பம் உண்டு, கையெழுத்துப் போடவேண்டியவர் பனிச்சறுக்குக்குப் போயிருக்கிறார், பத்து நாள் ஆகும். ஜெர்மன்காரன் அதையே மூன்று வாரம் என்றான். ஆக முகவரி மாறாது. பெட்டிதான் மாறவேண்டும்.

பெட்டிக்குப் பொறுப்பு தீர்த்தகிரி. அவர் கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல, எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் ஆள், அஞ்செட்டிக்காரர். பிளக் இருக்கிற எதுவும் எலெக்ட்ரிகல் பொறுப்பு என்பது அந்தக் கம்பெனியில் எழுதாத சட்டம். பெங்களூர்க்காரர்கள் கொடுத்த தடிப் புத்தகத்தை ஒரு வாரமாக அவர் பயபக்தியோடு புரட்டிக்கொண்டிருந்தார். ஃபேக்ஸைப் படித்துவிட்டு வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, இதுக்கு உள்ள ஒரு நம்பர் இருக்குது. வெளிய அந்த டிஷ் பெட்டிக்கு வேற நம்பர். 203-ன்னு வெளிய இருக்கிறவன் சொல்றது இதுக்குத் தெரியாது. நம்மள வீட்ல ஒரு பேருல கூப்பிடறாங்க, பள்ளிக்கூடத்துல வேற பேரு எழுதி வெக்கறாங்க இல்ல, அந்த மாதிரி."

"தன்னோட நம்பர் தனக்குத் தெரியாத மெஷினா?" என்றாள் ஃபகரு. பதினைந்து வருடக் கொள்கை ஒரே வாக்கியத்தில் ஆட்டம் கண்டது அவளுக்கு. அவமானமாகக்கூட இருந்தது, சொந்தக்காரன் ஒருவன் சபையில் ஊர்ப் பெயர் தெரியாமல் விழித்தது மாதிரி.

"தெரியாது. நாமதான் சொல்லணும். தான் யாரார்னு அது எழுதி வெச்சிருக்கிற ஃபைல் ஒண்ணு இருக்குது. அதுல வரிக்கு ஒரு பேரு. இந்த நம்பரையும் ஒரு வரியா எழுதிப்புட்டா, அந்த நம்பருக்கு வர்ற மெயில் எனக்குத்தான்னு அது எடுத்துக்கும்."

வியாழக்கிழமை காலை எழுதினார். கீழ் வரியில் 203.0.113.25. ஃபகரு அந்த எண்ணுக்கு ஒரு சோதனை மெயில் போட்டாள். திரும்பி வந்துவிட்டது, எனக்கே வந்துகொண்டிருக்கிறது என்ற அதே புலம்பலோடு. மத்தியானம் முழுக்கத் தீர்த்தகிரி புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பாத குறைதான். கடைசியில் ஜோதியம்மாள் பெங்களூருக்குப் போன் போட்டு, கன்னடத்தில் சண்டையும் கொஞ்சலுமாக அந்தப் பையனைப் பிடித்துக் கொடுத்தாள்.

"மெயில் புரோகிராமை நிறுத்திட்டுத் திரும்ப ஓட விடணும் சார். அது தொடங்கும்போதுதான் ஃபைலைப் படிக்கும்" என்றான் அவன்.

தீர்த்தகிரி ரிசீவரை வைத்தார். "நிறுத்தணுமாம். பர்மிட் வேணும்."

இங்கே அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்தத் தொழிற்சாலையில் ஓடுகிற எதை நிறுத்துவதானாலும் இளஞ்சிவப்புத் தாளில் ஷட்டவுன் பர்மிட் எழுதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று குறித்து, மூன்று கையெழுத்து வாங்கவேண்டும். மற்றவர்கள் அவசரத்துக்கு ஒரு கையெழுத்தோடு விட்டுவிடுவார்கள். தீர்த்தகிரி விடமாட்டார். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் கிரேன் மேல் வேலை செய்துகொண்டிருந்தபோது கீழே யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். உயிர் தப்பியது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து அவருக்கு வேதம் அந்த இளஞ்சிவப்புத் தாள்தான். மின்விசிறியைத் துடைக்கக்கூடப் பர்மிட் எழுதுவார்.

"அண்ணா, இது கிரேன் இல்ல. ஒரு கட்டளை தட்டறது."

"ஓடறது ஓடறதுதாம்மா" என்றார் அவர்.

முதல் கையெழுத்து எலெக்ட்ரிகல் இன்ஜினியருடையது, மூன்றாவது மானேஜருடையது. காரணம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியாகவேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு ஃபகரு தாளோடு ராஜப்பன் முன்னால் நின்றாள். "மெயில் பெட்டி பராமரிப்பு" என்று எழுதியிருந்தால் அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார். அவளுக்குப் பொய் வரவில்லை.

"சார், மெயில் வராததுக்கு மெஷின் காரணம் இல்ல. நான்தான். எல்லாருக்கும் பேரைக் குடுக்காம நம்பரைக் குடுத்துட்டேன். டெலக்ஸ் பழக்கம். மெஷினுக்கு அந்த நம்பர் தான்தான்னு தெரியல. இப்ப சொல்லிக் குடுக்கறோம்."

ராஜப்பன் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். மூன்றிலிருந்து நான்கு மணி வரை என்று போட்டிருந்தது. "பதினோரு பேருக்குமா?" என்றார்.

"பதினோரு பேருக்கும், சார்."

பாவி, அந்த நேரத்திலா சிரிப்பு வரவேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ராஜப்பன் கையெழுத்துப் போட்டார். "அஞ்சு மணி. ஞாபகம் இருக்கட்டும்" என்றார், நல்லதா கெட்டதா என்று தெரியாத அதே குரலில்.

மூன்று மணிக்குத் தீர்த்தகிரி சட்டைக் கையை மடித்துவிட்டு, பர்மிட்டை மானிட்டர் மேல் ஒட்டி, புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அதற்குள் ஃபகரு பதினோரு பேருக்கும் ஃபேக்ஸ் அனுப்பினாள்: தயவுசெய்து உடனே மறுபடி ஒரு மெயில் போடவும். பிறகு தன் சோதனை மெயிலைத் தட்டினாள். மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்துவிட்டது. எனக்கே வந்துகொண்டிருக்கிறது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கடிகாரத்தில் மூன்றே முக்கால். ஸ்வீடனில் இப்போது ஒருவன் நமக்காக ஐந்தாவது தரம் மெயில் எழுதிக்கொண்டிருப்பான், அதுவும் போய் முட்டித் திரும்பப் போகிறது. ஃபகரு நாற்காலியில் உட்கார்ந்து, செய்வதறியாமல், திரும்பி வந்த மெயிலையே எழுத்து எழுத்தாக வாசித்தாள். டெலக்ஸ்காரிக்கு அதுதானே தெரியும். அனுப்பியதும் வந்ததும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்ப்பாள்.

"அண்ணா, உங்க ஃபைலைக் காட்டுங்க." காட்டினார். "திரும்பி வந்த மெயிலோட கவர் மேல நம்பர் சதுர அடைப்புக்குள்ள இருக்குது. உங்க ஃபைல்ல நம்பர் மட்டும் மொட்டையா இருக்குது. கவர்ல எப்படி இருக்குதோ அப்படியேதான அது ஒத்துப் பார்க்கும்? அடைப்போட எழுதுங்க."

தீர்த்தகிரி புத்தகத்தைப் புரட்டினார். பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அடைப்பைப் போட்டார், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணி பத்து நிமிடம். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பர்மிட் நாலு மணியோட முடிஞ்சுபோச்சு."

"அண்ணா."

"புதுசா எழுதி மூணு கையெழுத்து வாங்கணும்."

"எலெக்ட்ரிகல் இன்ஜினியர் பஸ் ஏறிப் போயிட்டாரு அண்ணா. நாலு மணி ஷிஃப்ட்டு."

ஜோதியம்மாள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று பாஷையில் பேசுகிறவள் பேசாமல் நின்றால் அதற்கு ஒரு கனம் உண்டு. தீர்த்தகிரி அவளைப் பார்த்தார், ஃபகருவைப் பார்த்தார், மேசை மேல் ஆறிக் கிடந்த மூன்று டீயைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டே விரலால் கட்டளையைத் தட்டினார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகப் பர்மிட் இல்லாமல் ஓடுகிற ஒன்றை நிறுத்தினார், ஓட விட்டார். ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

ஃபகரு சோதனை மெயிலைத் தட்டினாள். திரும்பவில்லை. ஒரு நிமிடம் கழித்து அவள் பெட்டியில் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஆயித்து" என்றாள் ஜோதியம்மாள், கன்னடத்தில்.

சோதனை மெயில் கணக்கில் சேராது, வெளிநாட்டு மெயில் வேண்டும். இன்னொரு தரம் போடச் சொல்லிப் பதினோரு பேருக்கும் மறுபடி ஃபேக்ஸ் போனது. நான்கு முப்பது. நான்கு நாற்பது. பர்மிட்டைத் தீர்த்தகிரி நான்காக, எட்டாக, பதினாறாக மடித்துக்கொண்டிருந்தார். நான்கு நாற்பத்தேழுக்கு ஸ்வீடன் வந்தது. 'இப்போது உடம்பு தேவலையா?' என்ற ஒரே வரி. அடுத்து டென்மார்க். அடுத்து ஜெர்மனியிலிருந்து இரண்டு, ஒன்றில் வரைபடம் வேறு. ஃபகரு ஒவ்வொன்றையும் அச்சடித்து வாய்விட்டு நாட்டின் பெயரைச் சொன்னாள். ஜோதியம்மாள் அதையே திரும்பச் சொன்னாள். ஏழாவது மெயிலுக்கு ஃபகருவின் சிரிப்பு அணை உடைத்துக்கொண்டது. எட்டாவதுக்குத் தீர்த்தகிரியும் சிரித்தார். அவர் சிரித்து அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் ஃபகருவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ராஜப்பன் உள்ளே வந்தார். எட்டுத் தாளையும் வாங்கினார், நேரத்தைப் பார்த்தார், மடித்துக் கிடந்த பர்மிட்டைப் பிரித்துப் பார்த்தார். தீர்த்தகிரி விறைத்து நின்றார். ராஜப்பன் பர்மிட்டைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஜோதியம்மாளிடம் சென்னைக்கு லைன் கேட்டார்.

"சார், எட்டு மெயில் வந்தாச்சு. ஆமா, நேரா நம்பருக்கே. உங்க மெஷினுக்கு அப்படி நம்பருக்குப் போட்டா வருமா? போட்டுப் பாருங்களேன், நான் காத்திருக்கேன்." காதில் ரிசீவரோடு அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் புருவம் மேலே ஏறியது. "திரும்பி வந்துடுச்சா? என்னன்னு சொல்லுது? தனக்கே வருதுன்னா?"

ஃபகரு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல சார், மெஷினை அனுப்ப முடியாது, இங்க ஓடிக்கினு இருக்குது. ஆள் வேணும்னா அனுப்பறேன், சொல்லிக் குடுத்துட்டு வருவாங்க. ஒரு நாள். ஒரே நாள்தான்." ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஃபகருன்னிசா, செவ்வாய்க்கிழமை நீ சென்னைக்குப் போகணும். தீர்த்தகிரியைக் கூட்டிக்க. பயணப் படிவம் எழுதிக் குடு."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். புறப்படும் நாள் என்ற கட்டத்தைத் தாண்டி, திரும்பும் நாள் என்ற கட்டத்தைத்தான் முதலில் நிரப்பினாள்.